ஒரு ராகம் - 500 ரூபாய்!

நாயனக்காரர் சம்பளத்தில் 10,000 ரூபாயை மிச்சம் பிடித்த புண்ணியவான் நான்தான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா பிறந்த ஊர், சிவகாசிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. பேரைப் போட்டால் விழாக் கமிட்டித் தலைவர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி விருதுநகருக்கு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே பேர் வேண்டாம். அந்த ஊர் வைகாசிப் பொங்கலுக்கு வரவு செலவு எழுதுகிற உத்தியோகம் எனக்கு. தகுதி? பி.காம்.! "மாப்ளே கணக்குப் படிச்ச புள்ள" என்று சொல்லி நோட்டைக் கையில் திணித்தார்கள். நான் பரீட்சையில் வாங்கிய மார்க் அவர்களுக்குத் தெரியாது.

மாசி மாதம் கமிட்டி கூடியது. கொட்டகை, சீரியல் லைட், அன்னதானம், டி.ஜே., கேரளத்துச் செண்டை மேளம் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். வாணவேடிக்கைக்கு மட்டும் எங்கள் பக்கம் செலவே கிடையாது. தெருவுக்கு நாலு பேர் பட்டாசு ஆபீஸில் இருப்பார்கள். நன்கொடையாகவே வந்து இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் துண்டு விழுந்தது.

"நாயனம் எதுக்கு மாப்ளே ரெண்டு நாளு? மறுநாளுதான் செண்டை வருதுல்ல. ஒரு நாளு போதும்" என்றார் தலைவர்.

'மேளம் - 20,000' என்று இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து '10,000' என்று எழுதினேன். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. டி.ஜே.யில் 500 ரூபாய் குறைக்கலாமா என்று கேட்டேன். வாலிபர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்!

நாலு நாள் கழித்து அட்வான்ஸ் வாங்க நாயனக்கார அண்ணன் வந்தார். சாத்தூர்ப் பக்கம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. ("பேரு கீரு போட்டுறாதீங்க தம்பி. அப்புறம் அடுத்த ஊருல சம்பளம் பேசமுடியாது" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் இவரும் பேரில்லாதவர்தான்.) நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நோட்டைக் குடுங்க, ஒரு கணக்குப் போடுவோம்" என்றார்.

"ரெண்டு நாளைக்கு 20,000. இதுல வேன் 3,000. ரெண்டு தவிலுக்கு ஆளுக்கு 4,500, அப்ப 9,000. ரெண்டாம் நாயனம் 4,000. தாளம் போடுற பையன் 1,500. மிச்சம்?"

"2,500" என்றேன். செட்டுக்கே முதலாளி இவர். தவில்காரருக்குக் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இவருக்கு!

"இப்ப ஒரு நாள் கணக்கைப் போடுங்க. வேன் அதே 3,000தான். பாதி தூரம் வந்துட்டுத் திரும்ப முடியாதுல்ல?"

போட்டேன். தவில் 4,500. ரெண்டாம் நாயனம் 2,000. தாளம் 750. மொத்தம் 10,250. வரவு 10,000.

"அண்ணே, 250 ரூபாய் கைநஷ்டம்!"

"அதான், பி.காம். படிக்காமப் போனது நல்லதாப் போச்சு. படிச்சிருந்தா இந்தத் தொழில்லயே இருந்திருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

"அப்ப வரமாட்டீங்களா?"

"வருவேன் தம்பி. உங்க ஊர்ல கேக்குற ஆளு ஒருத்தர் இருக்காரு."

யார் என்று கேட்டேன். "வைகாசியில நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார். "சும்மா இருக்கிற நேரத்துல ஒரு நாலு கச்சேரிக்குக் கூட வாங்களேன். என்னத்தை வெட்டுனோம்னு பார்த்துட்டு வெட்டுன மாதிரி இருக்கும்."

குத்தலாகத்தான் சொன்னார். ஆனாலும் போனேன். பங்குனியிலிருந்து வைகாசி வரை ஆறேழு சாயங்காலம், பைக்கில், வேனுக்குப் பின்னால்.

முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது சுவரில் தினசரிக் காலண்டர். சிவகாசி அச்சுதான். அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை எங்கள் ஊர்க்காரர்கள் ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுவார்கள். கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் படம் எப்படி இருக்கிறது, சாமியா சீனரியா என்று பார்ப்பார்கள். அண்ணன் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: முகூர்த்த நாள் எத்தனை?

"ஆடியில கிடையாது. புரட்டாசியில நம்ம பக்கம் செய்ய மாட்டாக. மார்கழியில கிடையாது. ஐப்பசியில மழை. நமக்குச் சோறு பங்குனி, சித்திரை, வைகாசிதான். கோயில் கொடையும் பொங்கலும் அப்பதான், கல்யாணமும் அப்பதான். தம்பி, உங்க ஆபீஸ்ல மார்ச் மாசம் கணக்கு முடிக்கிறாகள்ல? எனக்கு மார்ச்சுலதான் கணக்குத் தொடங்கும்."

மூன்று மாத வெயிலை ஊதித்தான் ஒன்பது மாதம் சாப்பிட வேண்டும். அந்த வெயில் எப்படிப்பட்டது என்று விருதுநகர்க்காரனாகிய எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ரோட்டில் நாயைக்கூடப் பார்க்க முடியாது. வெயில் ஏற ஏற நாயனத்தில் சுருதியும் ஏறும். சீவாளி காய்ந்து பேச மறுக்கும். சீவாளி என்பது நாயனத்தின் வாயில் செருகுகிற சின்ன நாணல் துண்டு. அதன் தட்டை காவிரிக் கரையிலிருந்து வர வேண்டும். நாயனமோ கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவது. 2022-ல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, தஞ்சாவூர் மரமும் காவிரித் தட்டையும், கரிசல்காட்டு மூச்சும்!

முதல் பாடம் எங்கள் ஊரிலேயே நடந்தது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். அக்னிச்சட்டி எடுத்து வரும் ஜனம் ஒரு பக்கம், பொருட்காட்சிக்குப் போகிற ஜனம் ஒரு பக்கம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் ஒரு தெரு மண்டகப்படிக்கு அண்ணன் செட். நான் ஆர்வமாக நாயனத்துக்கு முன்னால் போய் நின்றேன். பத்து நிமிஷத்தில் காது 'கொய்ங்' என்றது.

இடைவேளையில் அண்ணன் கூப்பிட்டார். "எங்க நின்னீக?"

"உங்க முன்னாடிதான்."

"அடுப்புக்குள்ள தலையை விட்டுச் சோறு சாப்பிடுவீகளா? இது தெருவுக்கும் கோபுரத்துக்கும் செஞ்ச வாத்தியம் தம்பி. நாலு வீடு தள்ளிப் போயி நில்லுங்க. முதல்ல என்னைக் கேக்காதீக. ரெண்டாவதா வாசிக்கிறான் பாருங்க, அவனைக் கேளுங்க. நான் மூச்சு எடுக்கிற இடத்தில அவன் விழாமத் தாங்குறானான்னு பாருங்க. அது புரிஞ்சாப் பாதி புரிஞ்ச மாதிரி."

நாலு வீடு தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பருப்புக் கடைப் படியில் உட்கார்ந்தேன். நிஜமாகவே வேறு வாத்தியம்! காதைக் குத்திய அதே சத்தம் அங்கே வந்து சேரும்போது நெய்யாக உருகியிருந்தது. அண்ணன் ஒரு இடத்தில் விட, ரெண்டாம் நாயனம் அந்த இழையை அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள, அண்ணன் மறுபடி வந்து அதை வாங்கிக்கொண்டார். ஆடிட் ஆபீஸில் ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் டிக் அடிப்போமே, அந்த மாதிரி. இத்தனை வருஷமாக நாயனச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் கேட்டதில்லை.

நடுராத்திரி ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்து நேராக எண்ணெய்ப் புரோட்டா. விருதுநகரில் வேறென்ன சாப்பிடுவார்கள்? பொன்னிறமாக எண்ணெயில் மிதந்து எடுத்து, மொறுமொறுவென்று பிய்த்துப் போட்டு, மேலே சால்னா. வாசிப்புக்கு முன்னால் தொடமாட்டாராம். "மூச்சு வயித்துலயே தங்கிரும்." முடிந்த பிறகு நாலு. தவில்காரர் ஆறு. (கணக்கு எழுதுபவன் என்பதால் எண்ணினேன். தப்பாக நினைக்க வேண்டாம்.) அவருடைய மற்ற சுகங்களும் இந்த மாதிரிதான்: விடியற்காலை வறண்ட கண்மாய்க் கரையில் ஆள் இல்லாத நேரத்தில் சாதகம், வழியில் பம்ப்செட் கண்டால் வேனை நிறுத்தி ஒரு குளியல், பனை ஓலைப் பட்டையில் பதநீர், சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு. வெள்ளரியில் மிளகாய்த்தூள் மட்டும் போட விடமாட்டார். உதடு எரிந்தால் தொழில் போச்சு!

சித்திரையில் ஒரு நாள் கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கோவில்பட்டி வந்ததும் அண்ணன் வேனுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்குப் புரியவில்லை.

"காருகுறிச்சியார் இருந்த ஊர் தம்பி."

காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் திருநெல்வேலி ஜில்லா காருகுறிச்சியில் பிறந்தவர். நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டாம் நாயனம் வாசித்தே தேறினவர். தஞ்சாவூர் பாணியை வாங்கிக்கொண்டு தெற்கே வந்து கோவில்பட்டியில் குடியேறினார். மெட்ராஸ் சபா மேடையெல்லாம் அவருக்குக் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் இந்தக் கந்தக பூமியின் கோயில் கொடையிலும் கல்யாணப் பந்தலிலும் வாசித்துத்தான் அவர் பேர் வீட்டுக்கு வீடு போனது. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படம். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாயனம் போட்டி போட்டதே, அந்த ஆபேரி ராகப் பாட்டு... டீக்கடை டீக்கடையாக ஒலித்தது. ரெண்டே வருஷம். 1964-ல் காலமாகிவிட்டார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருந்தார்.

"எங்கப்பா அவர் வாசிப்பை நேர்ல கேட்டவரு. கோடைக் காலத்துல ராத்திரி பத்து மைல், பதினஞ்சு மைல் மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வருவாகளாம், கேக்குறதுக்குன்னே. பருத்தி எடுத்து முடிஞ்ச காடு. வண்டியை அவுத்துப் போட்டு, மாட்டுக்குத் தட்டையைப் போட்டு, மண்ணுல துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டே கேப்பாகளாம். விடிய விடிய."

கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்தில், பக்கத்துப் பக்கத்துத் தெருப் பையன்கள் மாதிரி வளர்ந்தவர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும். ரெண்டு பேரும் 1923-ல் பிறந்தவர்கள், ரெண்டு பேரும் சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர்கள், ரெண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். கி.ரா. எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் பாட்டுக்காரர் ஆகத்தான் ஆசைப்பட்டார். விளாத்திகுளம் சுவாமிகளிடம் போய்ச் சங்கீதம் கற்றுக்கொண்டவர். அந்தச் சுவாமிகள் ஒரு ராகத்தை எடுத்தால் சாகித்தியமே இல்லாமல் மணிக்கணக்கில் ஆலாபனை செய்வாராம். அழகிரிசாமியோ கழுகுமலை முருகன் மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர். ரெட்டியார் இருபதுகளிலேயே இறந்துபோனவர். ஆனால் இன்றைக்கும் காவடி தூக்குகிற எந்த ஊரிலும் அந்த மெட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானது, கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற எட்டயபுரத்தில். அவருடைய குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அதே எட்டயபுரத்தில்தான் அச்சாகி வெளிவந்தது. கர்நாடக சங்கீதத்துக்கே அஸ்திவாரமான புத்தகம்! அப்போது சிவகாசியில் இந்த அச்சுத் தொழில் எல்லாம் தலையெடுக்கவே இல்லை. தண்ணி இல்லாத காடு என்று பெண் கொடுக்க யோசிக்கிறார்களே, அவர்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

கழுகுமலைப் பக்கத்துக் கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தல் வெளியில். மாப்பிள்ளையின் தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் "ம்..." என்று ஒரு சத்தம் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்கே அண்ணன் முகத்தில் கல்யாணக் களை.

அடுத்த வாரம் சிவகாசியில் ஒரு பெரிய மண்டபம். ஏ.சி. கண்ணாடிக் கதவு. மேடைக்கு ஓரத்தில், ஸ்பீக்கருக்கு அடியில், பாத்ரூம் போகிற வழியில் செட்டுக்கு இடம். ஏற்கெனவே ஊரைக் கூப்பிடுகிற வாத்தியத்துக்கு முன்னால் மைக்கை வேறு வைத்தார்கள். பட்டாசுக்கு ஒரு சட்டம் உண்டு. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. கல்யாண மண்டபத்துக்கும் யாராவது ஒரு சட்டம் போட்டால் தேவலை.

கல்யாணியை அண்ணன் ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. வீடியோக்காரத் தம்பி கையைக் காட்டினான். "நிறுத்துங்க, நிறுத்துங்க! பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரி. பாட்டு பென்டிரைவ்ல இருக்கு." நிறுத்தினார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை ஆட்டுவார், பார்த்திருப்பீர்கள். இங்கே விரலை ஆட்டியது போட்டோகிராபர். "ஒன்ஸ்மோர்!" என்று வேறு கேட்டான். தாலியையா, மேளத்தையா தெரியவில்லை. பிறகு பெண் வீட்டு மாமா ஒருத்தர் வந்து காருகுறிச்சியார் பாட்டைக் கேட்டார். அண்ணன் வாசித்தார். அவர் பாதியில் போன் பேசப் போய்விட்டார். அண்ணன் முழுசாக வாசித்து முடித்தார்.

சாப்பாட்டில் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துபோயிருந்தது. எனக்குத்தான் முகம் சுண்டிப் போனது. அண்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்ல தம்பி. எங்க தாத்தா காலத்துல சட்டை போடக்கூடாது, துண்டு இடுப்புல இருக்கணும். ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானியும் கோட்டும் போட்டுக்கிட்டு வாசிச்சாரு பாருங்க, அது துணி இல்ல. உங்க சிவகாசிக்காரரு ஒருத்தர் இருந்தாரே, விஸ்வநாததாஸ். எங்க ஆளு. அவரோட சேர்ந்து நடிக்க மாட்டோம்னு சொன்ன நடிகைக உண்டு. சாதி! அதுக்காக நாடகத்தை விட்டாரா?"

1886-ல் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ்.விஸ்வநாததாஸை இந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலன் வேஷத்தில் வந்து, தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பாடுவதுபோல வெள்ளைக்காரனைப் பாடி, மேடையிலிருந்து ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31. சென்னையில் அதே நாடகம். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. பஸ்ஸில் மதுரைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஊரைக் கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

வைகாசி வந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பேசிக்கொண்டே இருப்போம், எங்கோ தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே டீக்கடை அப்படியே நின்றுவிடும். யாரும் பேசமாட்டார்கள். எந்தத் திசை, அடுத்து இன்னொன்று கேட்கிறதா என்று காது கேட்கும். இது வேட்டா, விபத்தா? யார் வீட்டில் யார் எந்த ஆலைக்குப் போயிருக்கிறார்கள்? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலையில் நடந்த விபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. அதற்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் உண்டு. சும்மா வேட்டுதான் என்று தெரிந்ததும் டீக்கடை மறுபடி பேச ஆரம்பிக்கும். தேசத்துக்கே சத்தம் செய்து அனுப்புகிற ஊர், சத்தத்தைக் கேட்டால் முதலில் பயப்படுகிற ஊர்.

பொங்கலன்று சாயங்காலம் கோயில் வாசலில் அண்ணன் செட் வந்து இறங்கியது. நான் நன்கொடை மேஜையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு அண்ணன் உடனே வாசிக்கவில்லை. யாரையோ தேடினார்.

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். பல வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் வலது காது அடியோடு போய்விட்டது. இடது காது கொஞ்சம் கேட்கும். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், எனக்கும் தெரியும். கத்திப் பேச வேண்டுமே என்று அவரிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. வந்தவர், நாயனத்துக்கு வலப்புறமாக, ஐந்தடி தள்ளி, இடது காதைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அண்ணன் இடம் பார்த்து ஒரு அடி நகர்ந்து நின்றார். நாயனத்தின் அணைசு அந்தக் காதைப் பார்த்துத் திரும்பியது. பிறகுதான் வாசிப்பு தொடங்கியது.

'நாலு வீடு தள்ளி நில்' என்று எனக்குச் சொன்னாரே, அந்தப் பாடம் இவருக்குப் பொருந்தாது. இவருக்கு ஐந்தடிதான் நாலு வீடு!

ரெண்டரை மணி நேரம். பெரியவர் தாளம் போடவில்லை, தலையாட்டவில்லை. மண்ணில் ஒரு விரலை வைத்து, ராகம் மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே, கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வாண்டுகள் பொட்டுவெடி போட்டார்கள். அவர் திரும்பவில்லை.

செட் முடிந்து, மேளத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என் மேஜைக்கு வந்து மடியிலிருந்து 500 ரூபாய்த் தாளை எடுத்து வைத்தார்.

"நாளைக்கு மேளத்துக்கு" என்றார்.

"நாளைக்குச் செண்டைதான் பெரியப்பா. நாயனம் ஒரு நாள்தான்" என்று கத்தினேன்.

"என்னது?"

மறுபடி கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். "யாரு குறைச்சது?" என்று கேட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கும் காது கேட்காமல் போய்விட்டது.

ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வேனிடம் ஓடினேன். தவில்காரர்களுக்கு மறுநாள் ராஜபாளையத்தில் கல்யாணம். ரெண்டாம் நாயனமும் அவர்களோடு போகிறார். "500-க்கு செட்டு வராது தம்பி" என்றார் அண்ணன். நியாயம்தானே? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னாலேயே குரல். "எனக்கு நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் சோலி. படுக்க ஒரு பாய் கிடைக்குமா?"

எங்கள் மாமா வீட்டு மாடியில் படுத்தார்.

மறுநாள் காலை ஏழரை மணி. செண்டை மேள வேன் இன்னும் வந்து சேரவில்லை. கோயில் திண்ணையில் அண்ணன் மட்டும். தவில் இல்லை, தாளம் இல்லை. சின்னச் சுருதிப் பெட்டி ஒன்று. எதிரே பெரியவர், அதே இடது காது. அண்ணன் சீவாளியை நாக்கில் நனைத்து ரெண்டு தடவை ஊதிப் பார்த்தார். பிறகு பிலஹரி. (என்ன ராகம் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) பாட்டு இல்லை, ராகம் மட்டும். தவில் இல்லாததால் அண்ணன் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் வெறுமையாகக் கேட்டது. அந்த வெறுமையில் வேப்பமரத்துக் காக்காய், தூரத்தில் தண்ணி லாரி, யாரோ வாசல் தெளிக்கிற சத்தம். தாங்கிப் பிடிக்க ரெண்டாம் நாயனம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அறுந்துவிடும் என்று பயந்தேன். விட்ட இடத்திலேயே வந்து பிடித்தார்.

பால் வாங்கப் போன பொம்பளைகள் தூக்குவாளியோடு நின்றார்கள். டி.ஜே.க்காக எழுந்து நின்ற வாலிபர்களில் ரெண்டு பேர் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்று, நுரையைத் துப்ப மறந்து நின்றார்கள். கமிட்டித் தலைவர் மட்டும் என் பக்கம் குனிந்து, "இது யாரு செலவு மாப்ளே?" என்று கேட்டார்.

நாற்பது நிமிஷம் இருக்கும். செண்டைக்காரர்கள் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அண்ணன் மெதுவாக இறங்கி வந்து முடித்தார். பெரியவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "கேட்டுச்சு" என்றார். நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

500 ரூபாயை அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். காலைப் பலகாரத்துக்கு முதல் பந்தியில் உட்கார வைத்து, நானே நின்று பரிமாறினேன். "இட்லி கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

ஆனியில் கமிட்டி கணக்கு ஒப்படைத்தேன். எங்கள் ஊரில் கணக்குப் பார்ப்பவர் ரிட்டயரான வாத்தியார். சாக்பீஸ் கணக்கைக்கூட விடமாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வவுச்சராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார்.

"'ராகம் ஒன்று - 500 ரூபாய்'. என்னப்பா இது? எந்தத் தலைப்புல வருது? பில் எங்கே?"

'மேளம் வகை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்த வகைக்குக் கமிட்டி அனுமதித்தது 10,000தான், 500 கூடுதல் செலவு, அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கூட்டம் ஆவணியில். அதே தாளில் அடுத்த வருஷத்துக்கு 'மேளம் - 2 நாள் - 25,000' என்று நானும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். டி.ஜே. கோஷ்டி இன்னும் பார்க்கவில்லை.